கிரிகல்பொத்தை நடை: கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு

ஹோட்டன் சமவெளிக்குப் போய் வந்தேன் என்று கொழும்பில் யாராவது சொன்னால் பெரும்பாலும் அவர்கள் போனது உலக முடிவு (World's End) என்ற மலை விளிம்புக்குத்தான். ஒன்பது கிலோமீட்டர் சுற்று, மேகம் ஏறுவதற்குள் விளிம்பில் நின்று ஒரு படம், பேக்கர் நீர்வீழ்ச்சி, அப்புறம் நுவரெலியாவில் மதியச் சாப்பாடு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, எண்ணூறு மீட்டருக்கு மேல் நேராக இறங்கும் அந்தப் பள்ளத்தை எல்லாரும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் நடப்பதற்காகவே நடக்கிறவர்களுக்கு அதே சமவெளியில் கிரிகல்பொத்தை மலைக்கு ஒரு வழி இருக்கிறது. வெள்ளவத்தையில் இருந்து வான் பிடித்து, வழிகாட்டியும் சேர்த்து, அங்கே கூட்டிப் போகிற ஒரு சின்ன நடைக்குழுச் சேவையோடு நான் போனேன். சேவை பற்றிக் கொஞ்சமும் மலை பற்றி நிறையவும் எழுதுகிறேன், ஏனென்றால் கொடுக்கிற காசு முழுவதும் அந்த மலைக்காகத்தான்.

கிரிகல்பொத்தையின் உயரம் 2,388 மீட்டர், இலங்கையில் இரண்டாவது. முதலாவதான பீதுருதாலகாலையின் (2,524 மீட்டர்) உச்சி தொலைத்தொடர்புக் கோபுரங்களோடு பாதுகாப்பு வலயமாக இருக்கிறது, நினைத்தபோது நடந்து ஏற முடியாது. ஆகவே இந்த நாட்டில் நம் காலால் போய் நிற்கக்கூடிய மிக உயர்ந்த இடம் இதுதான். சிவனொளிபாதமலை கூட 2,243 மீட்டர்தான், ஆனால் அங்கே படியும் தேநீர்க் கடையும் கூட்டமும் உண்டு, இங்கே ஒன்றும் கிடையாது.

சமவெளியே 2,100 மீட்டருக்கு மேல் கிடப்பதால் ஏற்றம் என்று கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 250 மீட்டர்தான் வரும். அந்த எண்ணை நம்பி லேசான நடை என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு வழிக்கே ஆறேழு கிலோமீட்டர், இறங்கி ஏறி இறங்கி ஏறித்தான் போக வேண்டும், நடுவில் சேறு, வேர், வழுக்குப் பாறை. பாதை ஃபார் இன் பக்கம் தொடங்குகிறது (முன்பு வேட்டைக்கு வந்தவர்கள் தங்கிய விடுதி, இப்போது பார்வையாளர் நிலையம்). அங்கே சுற்றி நிற்கிற மரைகளுக்குத் தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள். பிஸ்கட் தின்று பழகிய மரை காட்டுக்குத் திரும்பாமல் வாகனத் தரிப்பிடத்திலேயே நிற்கிறது, அதைப் பார்க்கவே மனது பொறுக்கவில்லை.

கட்டடம் கண்ணை விட்டு மறைந்ததும் பத்தனைப் புல்வெளி விரிகிறது. கொத்துக் கொத்தாக முளைத்த, முழங்கால் அளவு புல், அதற்கு அடியில் தேயிலைத் தூளைப் போலக் கறுத்து ஈரமாக இருக்கும் மண், மேடும் பள்ளமுமாக ஒன்றின் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கிற நிலம். ஓடைக்கரைகளில் குட்டை மூங்கில். புல்லுக்கு நடுவே அங்கங்கே தனியாக நிற்கும் மகாரத்மல் மரங்கள், நாங்கள் போனபோது இரத்தச் சிவப்பில் பூத்திருந்தன. காற்று ஒரு பக்கத்தில் இருந்தே அடித்து அடித்து அவற்றின் கொப்புகள் எல்லாம் மறுபக்கம் சாய்ந்திருக்கின்றன. மின்கம்பம் இல்லை, கோபுரம் இல்லை, ஹோர்ன் சத்தம் இல்லை. காலி வீதி ஓரத்தில் வளர்ந்த எனக்கு இத்தனை பெரிய வெறும் நிலம் இந்தத் தீவுக்குள் இருப்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது. உலக முடிவில் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம், இங்கே பல மணி நேரம் அந்த நிலத்துக்குள்ளேயே இருக்கிறோம். நான் சொல்ல வருகிற முக்கியமான விஷயம் இதுதான்.

புல் முடிந்து காடு தொடங்குகிற இடம் சட்டென்று வரும். மரங்கள் உயரமில்லை, முறுக்கிக்கொண்டு, தலை தட்டையாக, தண்டு முழுக்கப் பாசி. மழையே பெய்யாவிட்டாலும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் கடந்து போகிற மேகத்தின் ஈரத்தை இலையும் பாசியும் பிடித்துக் கீழே இறக்கிவிடுகின்றன. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் இந்த மேட்டு நிலத்தில் இருந்து நீர் போகிறது. களனி நீரைத்தான் அம்பத்தளையில் சுத்திகரித்துக் கொழும்புக்குத் தருகிறார்கள். பட்டிப்பொலப் பக்கத்து வழிகாட்டித் தம்பி இதை ஓர் ஓடையைக் கடக்கும்போது சொன்னார், எங்களோடு வந்த கொட்டாஞ்சேனை அக்கா உடனே குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

அந்தத் தம்பிக்காகவே இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன். பாசி படிந்த ஒரு தண்டைக் காட்டி, "இங்க பாருங்க அண்ணே, அசையாம நிக்குது" என்றார். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் மூக்கு நுனியில் சின்னக் கொம்பு வைத்த ஓணான் ஒன்று கண்ணில் பட்டது, இலங்கையின் மத்திய மலைநாட்டில் மட்டும் இருக்கிற இனம். தனியாகப் போயிருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்போம். காட்டில் பல இடங்களில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போய் வெள்ளைத் தண்டுகளாக நிற்பதையும் அவர் மறைக்காமல் காட்டினார், பலகாலமாக நடக்கிற இழப்பு அது. மஞ்சள் பூவும் முள்ளுமாக இருக்கிற கோர்ஸ் என்ற செடியையும் காட்டினார். வெள்ளைக்காரர் காலத்தில் ஐரோப்பாவில் இருந்து வந்தது, அங்கே மேட்டுப் புல்வெளிகளில் இயல்பாக வளர்வது, இங்கே உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. பூ அழகாகத்தான் இருக்கிறது, அதனால்தான் படம் எடுக்கிறவர்களுக்கு விஷயம் விளங்குவதில்லை.

உச்சி சின்னது, கற்குவியலும் பற்றையும்தான். வானம் தெளிந்திருந்தால் மேற்கே சிவனொளிபாதமலையின் கூர் தெரியும், கீழே அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள். எங்களுக்கு மேகம் கொஞ்ச நேரம் விலகியது, அந்தக் கூர் முனையைப் பார்த்தோம், மூடிக்கொண்டது. அதுகூடக் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் நிறைய, ஆனால் அவர்களும் இந்த நடையின் பெரும்பகுதியைப் பெற்றுவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

சரி, குறைகள். இரவு பத்தரைக்குப் புறப்பட வேண்டிய வான் ஆள் ஏற்றி ஏற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தியது. மலையில் காலைப் பொழுதுதான் தெளிவானது என்பது ஏற்பாட்டாளர்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே நிற்க வேண்டிய நாங்கள் வெயில் ஏறிய பிறகுதான் உள்ளே போனோம். அவிசாவளை, ஹட்டன் வழியாகப் போகும்போது இரவு முழுக்கப் பாட்டு, நித்திரைக்கு வழியில்லை. வழிகாட்டிக்கான காசு கட்டணத்தில் அடங்காது என்பதை நுவரெலியாவில் வைத்துத்தான் சொன்னார்கள். அந்தத் தம்பிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும், அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

சாப்பாட்டில் நன்றாக யோசித்திருக்கிறார்கள். பொலித்தீன் உறை இருந்தால் வாசலில் எடுத்துவிடுவார்கள், அதனால் லஞ்ச் ஷீட் இல்லாமல் வாழையிலையில் ரொட்டியும் கட்டைச்சம்பலும் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் குளிரில் அந்த உறைப்பு எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது. தண்ணீர்ப் போத்தலின் லேபிளையும் வீட்டிலேயே உரித்துவிட்டுப் போங்கள்.

ரயிலில் பட்டிப்பொல அல்லது ஒஹிய போய் இறங்கி ஓட்டோ பிடித்தால் செலவு இதைவிட நன்றாகக் குறையும். நாலைந்து பேர் சேர்ந்து, நடந்து பழக்கம் இருந்தால், அப்படியே செய்யலாம், ஆனால் மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, புல்லுக்குள் மரைகள் போட்ட ஒற்றையடித் தடங்களும் பாதை மாதிரியே இருக்கும். முதல்முறை போகிறவர்கள் வழிகாட்டியோடு போங்கள். எங்கே போகிறோம் என்பதைப் பார்வையாளர் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவதும் நல்லது.

சின்னப் பிள்ளைகளோ முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவோ கூட வந்தால் இந்த வழி வேண்டாம், உலக முடிவுச் சுற்றே போதும். இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டுமென்றால் பட்டிப்பொல வீதியோரம் தொடங்கும் தொட்டுப்பொலகந்த (2,357 மீட்டர்) இருக்கிறது, மூன்றாவது உயரம், நடை மிகக் குறைவு. சப்பாத்து நனையத்தான் நனையும், மாற்றுக் காலுறை கட்டாயம். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம், அதிகாலையில் புல்லில் உறைபனி கூட விழலாம், குல்லாவும் கையுறையும் எடுத்துப் போங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காற்றும் மழையும் ஆளைத் தள்ளிவிடும். முன்பதிவு செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: புறப்படும் நேரம் உறுதியா, வழிகாட்டியின் காசு எவ்வளவு, பட்டிப்பொலத் தம்பி வருவாரா. மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் அவர் வருகிற அடுத்த வாரத்துக்குப் பதிந்துகொள்ளுங்கள்.