ஓபோ ரீட் சரிசெய்யக் கற்றுத்தரும் ஒரு மணி நேரம்

ஓபோ என்பது நாதஸ்வரம் போல ஊதும் மேற்கத்திய வாத்தியம்; அதன் நுனியில் மாட்டி ஊதும் நாணல் சீவாளிதான் ரீட். லண்டனில் தன் வீட்டிலேயே ஓபோ ரீட் செய்து விற்கும் ஒரு அம்மா, நம்மிடம் இருக்கும் ரீட்டைச் சரிசெய்யவும் சொல்லித்தருகிறார். ஒரு மணி நேரத்துக்கு 40 பவுண்டு. போன மாதம் போய்வந்தேன்.

கொண்டுபோனவை வேறொருவரிடம் தபாலில் வாங்கிய மூன்று ரீட்டுகள். எல்லாம் கையால் செய்தவை. பார்க்க அவ்வளவு அழகு, ஊதினால் கல். மேல் சுரங்கள் எப்படியோ வந்துவிடும். அடியில் இருக்கும் சி, பி, பி ஃபிளாட் மூன்றையும் மெதுவாக எடுக்கவே முடியாது. முதலில் வெறும் காற்று, அப்புறம் திடீரென்று ஒரு வெடிப்பு.

ரீட்டைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் நனைத்தார். வாத்தியத்தில் மாட்டாமல், நூல் சுற்று வரை வாய்க்குள் விட்டு ஊதச் சொன்னார். நல்ல ரீட் அப்போது கட்டையும் கீச்சும் கலந்து காகம் மாதிரி கரையும். என்னுடையது ஒற்றைக் குரலில் கீச்சிட்டது. "நுனி அதிரவே இல்லை, கேட்டீர்களா?" என்றார். பிறகு மேசை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். நுனியின் நடுவில் வெளிச்சம் தெரிந்தது, இரண்டு மூலையும் இருட்டு. இருக்கவேண்டியது இதற்கு நேர்மாறாக. இத்தனை நாள் ரீட்டின் வாய் திறந்திருக்கும் அளவுதான் கோளாறு என்று நினைத்து, அதை விரலால் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ரீட்டின் இரண்டு நாணல் இதழ்களுக்கும் நடுவே மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகிவிட்டு, கத்தியை என் கையில் கொடுத்தார். அவரே செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை. "அழுத்தாதீர்கள், கத்தியின் கனமே போதும்." ஒவ்வொரு மூலைக்கும் நாலு இழுப்பு, வெளிப்பக்கமாக. கத்தி விளிம்பில் அரிசி மாவு போல வெள்ளைத் தூள் ஒட்டியது. ஊதிப் பார்த்தேன். மறுபடி இரண்டு இழுப்பு. நடுத்தண்டை, அதாவது இதழின் நடுவில் நீளவாக்கில் இருக்கும் தடித்த பகுதியை, மட்டும் தொடவே கூடாதாம், தொட்டால் சுருதி இறங்கி, குரலும் சப்பென்று ஆகிவிடும். மூன்றாவது முறை, நாக்கு படாமல் மூச்சை மட்டும் விட்டதும் கீழ் சி தானாக எழுந்தது. கண் கலங்கிவிட்டது. நாதஸ்வரக்காரர்கள் ஏன் அத்தனை சீவாளியைக் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

குறை என்றால், ஒரு மணி நேரத்தில் இரண்டு ரீட்டுக்குத்தான் நேரம் இருந்தது. மூன்றாவதில் அடித்துளையை விரலால் அடைத்து ஊதினோம், இதழ் ஓரமாகக் காற்று கசிந்தது. பிளம்பர் டேப் சுற்றிக்கொடுத்தார், அவ்வளவுதான். கத்தி, தகடு எல்லாம் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். புத்தம்புது ரீட்டையும் எடுக்கமாட்டார், ஒரு வாரமாவது தினமும் பத்து நிமிடம் ஊதிப் பழக்கிய பிறகுதான் கத்தி வைக்க விடுவார்.

போகிறவர்கள் முந்தின நாளே ஒவ்வொரு ரீட்டையும் ஊதிப் பார்த்து, எந்தச் சுரம் மறுக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.