சிறிய பிஸ்டலுக்கு எந்தத் தோட்டா? கட்கி .32 பற்றி ஒரு மதிப்பீடு

கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளில் வீடும், மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்தில் ஏலத் தோட்டமுமாக இருப்பவர்கள் பலர். அவர்களில் உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருப்போர் என்னிடம் அடிக்கடி கேட்பது, இடுப்போடு அடங்கும் சிறிய .32 (குழல் விட்டம், அங்குலத்தில்) பிஸ்டலுக்குத் தற்காப்புக்கென்று எந்தத் தோட்டாவை வாங்குவது என்பதுதான். நுனியில் குழி விட்ட ஹாலோ பாயின்ட் குண்டு கையில் இல்லாவிட்டால் துப்பாக்கி இருந்தும் பயனில்லை என்ற எண்ணம், அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்தே நம்மிடையே வேரூன்றிவிட்டது. புணே அருகே கட்கியில் உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையின் 7.65 மி.மீ. தோட்டாவை நெடுநாளாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், நமக்குக் கிடைக்கும் பிஸ்டலுக்கு முழு உலோக உறை போர்த்திய இந்தச் சாதாரணத் தோட்டாவே சரியானது என்பது என் முடிவு. வேறொன்று கிடைக்காததால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

முதலில் சட்டம் விட்டுவைத்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். 9 மி.மீ. பாரபெல்லம், .45 ஏசிபி ஆகிய தோட்டாக்கள் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட குழல் விட்ட (bore) வகையைச் சேர்ந்தவை. எனவே சாதாரண உரிமதாரர் பெரும்பாலும் .32-இல்தான் வந்து நிற்கிறார். அந்த .32-லும் இரண்டு வகை உண்டு. 1896-இல் வந்த .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங் ரிவால்வருக்கானது. கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர்களும், 2023-இல் அங்கிருந்து வெளிவந்த ‘பிரபல்’ என்ற ரிவால்வரும் இதையே ஏற்கும். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1899-இல் வந்த .32 ஏசிபி பிஸ்டலுக்கானது, 7.65 மி.மீ. என்று குறிக்கப்படுவது இதுதான். மதுரையில் நான் வாங்கும் கடையின் பெரியவர், "அண்ணே, பிஸ்டலா ரிவால்வரா, அதை முதல்ல சொல்லுங்க" என்று கேட்ட பிறகே அலமாரியைத் திறப்பார். அந்தக் கேள்வி மிகவும் தேவையானது. ஏசிபி தோட்டா சில ரிவால்வர் சிலிண்டர்களில் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஆனால் ரிவால்வர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, ஏசிபிக்கோ 20,500 பவுண்டு. உள்ளே போகிறதே என்று சுட்டுப் பார்ப்பது ஆபத்து.

இனி குண்டின் வகைக்கு வருவோம். வழக்கமான .32 ஏசிபி குண்டு 71 கிரெய்ன், அதாவது சுமார் 4.6 கிராம் எடையுள்ளது. நொடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அதன் ஆற்றல் 170 ஜூலைச் சுற்றியே இருக்கும், 9 மி.மீ. தோட்டாவுக்கு இதில் இரண்டு மடங்கிற்கும் மேல் உண்டு. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் ஆட்களை இழந்த அமெரிக்கப் புலனாய்வுத் துறை (எஃப்.பி.ஐ.), அதன் பிறகு தோட்டாக்களை, உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் பத்து சதவீத ஜெலட்டின் கட்டியில் சுட்டுச் சோதித்து, குண்டு குறைந்தது 12 அங்குலமும் மிகுந்தால் 18 அங்குலமும் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை வகுத்தது. ஹாலோ பாயின்ட் குண்டு உள்ளே போனதும் விரிந்து, அகலமான பாதையை உண்டாக்கும். ஆனால் விரிவதற்கே ஆற்றலைச் செலவழிப்பதால் ஆழம் குறையும். 9 மி.மீ. போன்ற வலுவான தோட்டாவுக்கு அந்த இழப்பைத் தாங்கும் தெம்பு உண்டு. .32 ஏசிபிக்கு அது இல்லை என்பதால், விரிந்த குண்டு பெரும்பாலும் 12 அங்குலத்தை எட்டாமலே நின்றுவிடுகிறது. உலோக உறை போர்த்திய குண்டோ விரியாமல் நேராகச் சென்று தேவையான ஆழத்தைத் தொடுகிறது. இந்த விட்டத்தில் சிறிய பிஸ்டல் வைத்திருக்கும் அனுபவசாலிகள் பலர், எல்லா வகையும் கிடைக்கும் அமெரிக்காவிலேயே, உறை போர்த்திய குண்டைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆழம் போகும் குண்டு இலக்கைத் தவறினால் தடுப்பைத் துளைத்து அப்பாலும் போகும் என்பதை மறைக்கக் கூடாது. தோட்டத்தில் லயத்து வீடுகளின் தகரத் தடுப்புக்கு அப்பால் குழந்தைகள் படுத்திருப்பார்கள். எதிரே நிற்பவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் எந்தத் தோட்டாவும் பாதுகாப்பானதல்ல.

இரண்டாவது காரணம் தோட்டாவின் அடிப்பகுதியில் இருக்கிறது. .32 ஏசிபியின் பித்தளைக் கூட்டை விரலால் தடவிப் பாருங்கள்; அடி விளிம்பு கூட்டின் உடலைவிடச் சற்றே வெளியே துருத்திக்கொண்டிருப்பது நகத்தில் தட்டும். தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் அமைய வேண்டும். பின்னால் போய் மாட்டிக்கொண்டால், பிஸ்டலின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு எவ்வளவு வேகமாக வந்தாலும் அடுத்த தோட்டா மேலேறாது; அவசரத்தில் அதைக் கையால் சரிசெய்யவும் முடியாது. ஹாலோ பாயின்ட் தோட்டாக்கள் பொதுவாக நீளத்தில் குட்டையாக இருப்பதால், மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்து இந்தச் சிக்கல் அதிகமாக வருகிறது. முழு நீளமுள்ள, உருண்டை முனைத் தோட்டா அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. கட்கி தோட்டா என் பிஸ்டலில் தடங்கலின்றி மேலேறுகிறது. தற்காப்புக்கென்று வைத்திருக்கும் ஒன்றில் நான் முதலில் எதிர்பார்ப்பது அதைத்தான்.

நம் மலைக்குரிய தனிக் கவலை ஈரம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் வாரக்கணக்கில் எதுவும் காயாது. தோல் உறையிலேயே பிஸ்டலை வைத்துப் பூட்டிவிட்டால், பதனிட்ட தோலின் அமிலமும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் பச்சைக் களிம்பு படியும். அதற்குப் பயந்து தோட்டாவின் மேல் எண்ணெய் தடவுவது அதைவிட மோசம், ஏனென்றால் எண்ணெய் மெல்லக் கசிந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைச் செயலிழக்கச் செய்துவிடும். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். தினமும் இரவில் துப்பாக்கியைக் காலிசெய்து காலையில் நிரப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே தோட்டாவையே திரும்பத் திரும்பக் குழலின் பின்புற அறைக்குள் ஏற்றினால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்கும். அப்படி அமுங்கிய தோட்டாவில் அழுத்தம் கூடும். புதிய தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் குட்டையானது எது என்று கண்ணுக்கே தெரியும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

வாங்கும்போது பெட்டியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் படியுங்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், அட்டை நமுத்து எழுத்து அழிந்த பெட்டியை எனக்குப் புதியது என்று நீட்டினார்கள், நான் வாங்கவில்லை. ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை கையிருப்பு வைக்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும். அந்த அளவு குறைவுதான் என்று தயங்காமல், ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பகுதியை ரைஃபிள் கிளப்பில் சுட்டுப் பார்த்துவிடுவது என் வழக்கம். சுடாத லாட்டை நம்பி எடுத்துச் செல்ல எனக்கு மனம் வராது. அரிதான வெளிநாட்டுத் தோட்டாவுக்குப் பெரும் விலை கொடுப்பவர்களால் இப்படிச் சோதித்துப் பார்க்க முடிவதில்லை என்பதும் கட்கிக்குச் சாதகமான வாதமே.

எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இதைத் தவிர்த்து எழுத முடியாது: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று வழிகளில் எதில் ஏறினாலும் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மாநிலம் மாறிவிடுகிறது. உங்கள் உரிமத்தின் எல்லை மாவட்டமா, தமிழ்நாடா, இந்தியா முழுவதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றிருந்தால், தோட்டம் உங்களுடையதே ஆனாலும் பிஸ்டலும் தோட்டாவும் கீழேயே இருக்க வேண்டும். பெரியாறு, மேகமலைக் காட்டுப் பகுதிகளும் நம் பாதைகளை ஒட்டியே உள்ளன; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துபூர்வ முன் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழையக் கூடாது. தற்காப்புரிமை பற்றிய விதிகள் இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளன. தோட்டா வாங்குவதற்கு முன் ஒருமுறை அவற்றைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால், மேகசினைக் காலிசெய்து, தோட்டாக்களை எண்ணி, அந்த எண்ணிக்கையையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.