மூன்று வருடம் போட்ட ஷாம்பூவும் கண் இமை அரிப்பும்

போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். “சித்தி, நீங்க போடுற அந்தப் பச்சை பாட்டில் ஷாம்பூ பாதி விலைக்கு வருது. ரெண்டு வாங்கி வைக்கட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. ஏன் வேண்டாம் என்று அவளுக்கும், அதே பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்னைப் படுத்திய பொருள் வேறு பல பாட்டில்களிலும் இருக்கிறது. ஒரு பெயரைச் சொன்னால் மற்றதையெல்லாம் நம்பி வாங்கிவிடுவீர்கள்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், அது நிறைய இருக்கிறது. திருச்சியில் எங்கள் பக்கம் போர் தண்ணீர்தான். வாளி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும். அந்தத் தண்ணீரிலும் இந்த ஷாம்பூ ஒரு சின்னக் கரண்டி அளவில் நன்றாக நுரைத்தது. இடுப்பு வரை முடி இருப்பவர்களுக்குச் சிக்கெடுப்பதுதான் காலைநேரச் சண்டை. அந்தச் சண்டையே இல்லாமல் போனது. வெட்டிவேர் வாசனை மறுநாள் வரை இருக்கும். பொடுகு இல்லை, உச்சந்தலையில் வறட்சி இல்லை. ஒன்றரை வருடம் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சிபாரிசு செய்தேன்.

அதன் பிறகுதான் இமை அரிக்க ஆரம்பித்தது. முதலில் வலது கண், பத்து நாளில் இடது கண். காலையில் எழுந்தால் மேல் இமை சிவந்து, தோல் சுருங்கி, செதில் செதிலாக உரியும். கண்மையைச் சந்தேகப்பட்டுத் தூக்கிப் போட்டேன். கண்ணாடி பிரேமை மாற்றினேன். கண் மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார், கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். மாமியார் கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் என்று சொல்ல, நான்கு மாதம் இரண்டையும் தொடவில்லை. அப்புறம் காதுக்குப் பின்னாலும் கழுத்தின் பின்பக்கமும் அரிப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு ஈரத்துணியை இமை மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூக்கம் கெட்டதும் எரிச்சல் வீட்டில் எல்லார் மேலும் திரும்பியது. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் புகைப்படத்துக்கு நிற்கவில்லை. இவ்வளவிலும் தலையில் ஒரு பொட்டு அரிப்பு கிடையாது. அதனால்தான் ஷாம்பூ மேல் சந்தேகமே வரவில்லை. வந்திருந்தாலும் “இத்தனை நாள் ஒன்றும் செய்யாதது இப்போது என்ன செய்யப்போகிறது” என்று தள்ளியிருப்பேன்.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிப்பதற்குப் பதில் எமல்ஷன் பெயின்ட் அடித்தோம். மூன்றாம் நாள் இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் வீங்கிவிட்டன. தோல் மருத்துவரிடம் ஓடினேன். அவர் கேட்ட முதல் இரண்டு கேள்விகள்: “வீட்டில் பெயின்ட் அடித்தீர்களா? என்ன ஷாம்பூ போடுகிறீர்கள்?” இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

ஒட்டுச் சோதனை செய்தார்கள். சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொரு பொருளாக வைத்து, முதுகில் பிளாஸ்திரியால் வரிசையாக ஒட்டுகிறார்கள். திங்கட்கிழமை ஒட்டி, புதன்கிழமை எடுத்து, வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது. தை மாதக் குளிர் இருந்ததால் தப்பித்தேன். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு இடம் மட்டும் சிவந்து, சின்னக் கொப்புளங்களோடு தடித்திருந்தது. அதன் பெயர் மெத்தில்ஐசோதையசோலினோன்.

பாட்டிலில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இது. ஷாம்பூவில் இருக்கும், பாத்திரம் கழுவும் திரவத்தில் இருக்கும், தண்ணீரில் கலக்கும் பெயின்டிலும் இருக்கும். பெயின்ட் காயும்போது காற்றில் வந்து முகத்தில் படும். இந்த ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொள்ள மாதங்களோ வருடங்களோ ஆகலாம். கண்டுகொண்ட பிறகு ஒவ்வொரு முறையும் எதிர்க்கும். தலைத்தோல் தடிமனானது, அது தாங்கிக்கொள்கிறது. நுரை வழிந்து இறங்கும் வழியில் இருக்கும் இமை, காது, கழுத்து ஆகியவைதான் மாட்டிக்கொள்கின்றன. இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது. மருத்துவர் இதைச் சொன்னபோது என் முகத்தில் நுரை ஓடிய பாதையை யாரோ வரைபடமாகக் காட்டியது போல் இருந்தது.

எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். அந்தப் பாட்டிலின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘பாரபென் இல்லை’ என்று இருக்கிறது. பாரபென்னும் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் பொருள்தான், அது கெடுதல் என்று பலருக்குப் பயம். அந்த வரியைப் பார்த்துத்தான் வாங்கினேன். பின்பக்கம், பச்சை மேல் பழுப்பு நிறத்தில், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் மட்டும் படிக்க முடிகிற எழுத்தில், கடைசி வரியில் மெத்தில்ஐசோதையசோலினோன். பாரபென்னை எடுத்துவிட்டு இதைப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில், தோலில் படும் பொருளால் வரும் அழற்சியைக் கவனிக்கும் மருத்துவர் சங்கம் 2013இல் ‘இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது எதைத் தெரியுமா? இதைத்தான். அதே சங்கம் 2019இல் பாரபென்னை ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கழுவாமல் விடும் கிரீம்களில் மெத்தில்ஐசோதையசோலினோனைச் சேர்க்கவே கூடாது. கழுவிவிடும் பொருட்களில் பத்து லட்சத்துக்கு 15 பங்குக்கு மேல் போகக்கூடாது. பயமுறுத்தி விற்கிற சொல் முன்பக்கம், பயப்பட வேண்டிய சொல் பின்பக்கம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாட்டிலிலாவது எழுதியிருக்கிறது. மார்ச்சில் கரூருக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் ஷாம்பூ வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலே இல்லை. 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கு அந்தப் பட்டியல் கட்டாயம் இல்லை என்று நம் நாட்டு விதியே சலுகை கொடுத்திருக்கிறது. ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்துச் சாதாரண ஜனங்கள் கைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். அதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். ஆனால் பாட்டில் வாங்க முடிந்தவருக்கு மட்டும் படிக்கிற உரிமை என்பது சரியில்லை. என்னைப்போல் இமை உரிகிற ஒரு கூலிக்காரப் பெண் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்?

இன்னொன்று. நுரைத்து அழுக்கெடுக்கச் சேர்க்கும் சல்ஃபேட்டைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். என் பாட்டிலிலும் சோடியம் லாரெத் சல்ஃபேட் இருந்தது. வறண்ட தலைக்கு அது அதிகமாக எண்ணெயை உரித்தெடுக்கும், அது உண்மை. புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய். எனக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. சல்ஃபேட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் இதே அரிப்போடு இன்னும் அலைந்திருப்பேன்.

நிறுத்தியதும் உடனே சரியாகவில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தையும் நிறுத்திச் சோப்புக் கட்டிக்கு மாறினேன். மருத்துவர் கொடுத்த களிம்பைச் சொன்ன நாள் மட்டும் போட்டேன். ஆறு வாரத்தில் இமை பழையபடி ஆனது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். இப்போது கிருமி வளராமல் இருக்க சோடியம் பென்சோயேட் சேர்த்த வேறொரு ஷாம்பூ. ஞாயிற்றுக்கிழமை சீயக்காய். புது ஷாம்பூவில் நுரை குறைவு, போர் தண்ணீரில் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிறது, சிக்கெடுக்க இருபது நிமிடம் போகிறது.

நியாயமாகச் சொன்னால், பெரும்பாலானவர்களுக்குப் பழைய ஷாம்பூ ஒன்றும் செய்யாது. முடிக்கு அதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. பாதி விலைக்கு வருகிறது வேறு. கணக்குப் போட்டால் வாங்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் கண்ணு, நீ வாங்காதே. ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்றால் பின்பக்கக் கடைசி வரியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. உனக்கு இமையோ காதோரமோ அரித்தால் கண்மையைத் தூக்கிப் போடாதே, முதலில் ஷாம்பூவை நிறுத்து.

என்னிடம் இருந்த கடைசி பாட்டிலை உன் சித்தப்பாதான் போட்டுத் தீர்க்கிறார். அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. அவர் குளித்துவிட்டு வரும்போது அந்த வெட்டிவேர் வாசனை வீடு முழுக்க வருகிறது. இன்னும் கால் பாட்டில் இருக்கிறது.