பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு: ஹோட்டலா, பெயர்த்து எடுப்பதா, ஊருக்கா?

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து நகரத்தார் ஊர்களில் பெரிய பெரிய வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கல்யாணம், முன்னோருக்குப் படையலிடும் படைப்பு என்றால் வந்து திறப்பார்கள். 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறிவிட்டன. ஆனால் பட்டியல் வந்து ஓடு மாற்றித் தராது.

ஹோட்டலாக்குவது ஒரு வழி. கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ் எல்லாம் அப்படித்தான் பிழைத்தன. பராமரிப்புக்குப் பணம் வருகிறது, தச்சருக்கும் கொத்தனாருக்கும் வேலை கிடைக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே தெருப் பிள்ளைகள் உள்ளே கால் வைக்க முடியாது.

பெயர்த்து எடுத்து வேறிடத்தில் எழுப்புவது அடுத்தது. 1996-ல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு செட்டிநாட்டு வீடு நிற்கிறது. இடிந்தே போகப்போகிற வீட்டுக்கு அது நல்ல கதி. இல்லாவிட்டால் தேக்குத் தூணும் நிலைக்கதவும் தனித்தனியாகக் காரைக்குடி பழம்பொருள் கடைக்குத்தான் போகும். எப்படியானாலும் ஊருக்கு மிஞ்சுவது வெறும் மனை.

என் ஓட்டு மூன்றாவதுக்கு, ஊர்ப் பொதுவிடமாக்குவதற்கு. வீட்டின் அமைப்பே அதற்குத் தோதாக இருக்கிறது. திண்ணையில் பேப்பர் படிக்கலாம். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், அதாவது வளவில், சாயங்கால டியூஷன் நடத்தலாம், பகலில் விளக்கே வேண்டாம். ஓரத்துச் சின்ன அறைகள் புத்தகத்துக்குப் போதும். பின்கட்டு மகளிர் குழுவுக்கு, அடுப்படியும் அங்கேயே இருக்கிறது.

கெடுவது ரிப்பேரில்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கினாலும் மெல்ல வெளியே விட்டுவிடும், அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் பூச்சு உப்பிப் பொரிந்து கொட்ட ஆரம்பிக்கும், அப்புறம் 'பழைய கட்டடம், இனித் தாங்காது, இடித்துவிடலாம்' என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் என்று பழைய முறையிலேயே பூச வேண்டும். கூலியும் நாளும் கூடத்தான் ஆகும், இருந்தாலும் இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கழிப்பறையைத் தோட்டத்தில் தனியாகக் கட்டுங்கள், வீட்டுச் சுவரில் குழாய் பதிக்க வேண்டாம். படி உயரம், அதனால் வயசானவர்களுக்குச் சரிவுப்பாதை கட்டாயம்.

சரி, பத்திரம்? கிரயம் என்று ஆரம்பித்தால் இருபது முப்பது பங்காளிகள் இருக்கிற வீட்டில் பேச்சே நகராது. நீண்டகாலக் குத்தகை என்றால் சொத்து அவர்களிடமே இருக்கும், படைப்புக்கு வீட்டைத் திறந்துவிடுவோம் என்று ஒரு வரி சேர்த்தால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். அதற்கும் எல்லார் கையெழுத்தும் வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவும் செய்தாக வேண்டும், வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள்.

புதுசாக ஒரு கான்கிரீட் சமுதாயக்கூடம் கட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஐந்நூறு பேர் சாப்பிடும் கல்யாணத்துக்கு அதுதான் சரி, இந்த வீட்டில் அதை நடத்தவும் கூடாது. தினமும் சாயங்காலம் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இந்த வளவு.