புது பிளாக்கை ரேஸ் வேலைக்குக் கொடுக்கிறீர்களா? அளவுத்தாள் இல்லாமல் திரும்ப வாங்காதீர்கள்

டிராக் ரேஸுக்கு இன்ஜின் கட்டுகிறவர்கள் பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் உடல்) மெஷின் ஷாப்பில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பணத் தகராறு இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை.

என்னுடையது செவர்லே ஸ்மால் பிளாக் அமைப்பில் வரும் ஆஃப்டர்மார்க்கெட் (வேறு கம்பெனி செய்து விற்கும்) வார்ப்பிரும்பு பிளாக். 4.125 இன்ச் போருக்கானது (போர் என்றால் சிலிண்டர் துளையின் விட்டம்). இந்த வகை பிளாக்குகளில் பெரும்பாலானவை கடைசி அளவில் வருவதில்லை. சிலிண்டரில் ஆயிரத்தில் சில பங்கு இன்ச் இரும்பை விட்டுவைத்தே அனுப்புவார்கள். பிஸ்டனை அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளியைப் பார்த்துக் கடைசி ஹோனிங்கை (கல்லால் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவதை) முடிப்பது கட்டுகிறவர் பொறுப்பு. அதனால்தான் எட்டு பிஸ்டன், ஹெட் ஸ்டட், கேஸ்கெட் எல்லாவற்றையும் பிளாக்கோடு சேர்த்தே கொடுத்தேன். வேலைப் பட்டியலும் எழுதிக் கொடுத்தேன்: டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக முறுக்கி வைக்கும் தடித்த தகடு) போட்டு ஹோனிங், மெயின் ஸ்டட் மாற்றிய பின் லைன் ஹோனிங் (கிராங்க் உட்காரும் துளைகளை ஒரே நேர்கோட்டில் தேய்ப்பது), டெக் (ஹெட் உட்காரும் முகம்) சமன், லிஃப்டர் போர் (வால்வை இயக்கும் லிஃப்டர் ஓடும் துளை) ஹோனிங், கடைசியில் முழுக் கழுவல்.

பிளாக் பளபளவென்று பிளாஸ்டிக் உறைக்குள் வந்தது. பில்லில் எல்லா வரிக்கும் டிக். "அளவு எழுதின தாள் எங்கே?" என்று கேட்டேன். "எல்லாம் ஸ்பெக்ல இருக்கு தம்பி. புது பிளாக்தானே, இதுல என்னத்த அளக்கிறது?" என்றார் கடைக்காரர். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

வந்ததும் பிஸ்டன் பெட்டியைப் பார்த்தேன். கம்பெனி ஒட்டிய டேப் கிழியவே இல்லை. எட்டும் உறைக்குள் அப்படியே இருந்தன. மைக்ரோமீட்டரில் ஒரு பிஸ்டனைக்கூட வைக்காமல் எந்தக் கணக்கில் ஹோன் செய்தார்கள்? கேஸ்கெட் உறையும் பிரியவில்லை.

சரி என்று இன்னொரு ஷாப்புக்கு எடுத்துப் போனேன். வெறும் பிளாக்காக அளந்தபோது எல்லா சிலிண்டரும் 4.1250-ஐ ஒட்டி அழகாக நின்றன. டார்க் பிளேட்டை என் கேஸ்கெட், என் ஸ்டட்டோடு வைத்து, ஹெட்டுக்குக் கொடுக்கும் அதே அளவுக்கு முறுக்கி மறுபடி அளந்தார்கள். மிக மோசமான சிலிண்டர் ஒரு திசையில் 4.1260, குறுக்கே 4.1245. ஸ்டட்டை முறுக்கும்போது துளையைச் சுற்றியுள்ள இரும்பு இழுபட்டுச் சிலிண்டரின் வட்டம் கெடும். அந்த இழுப்பிலேயே வைத்து ஹோன் செய்தால்தான் ஹெட் ஏறிய பிறகு சிலிண்டர் வட்டமாக இருக்கும். இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங் சுவரில் ஒட்டாது, எரிந்த வாயு கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் சுழலும் கீழ் அறை) இறங்கும், குதிரைத்திறன் அந்த வழியிலேயே போய்விடும்.

இதை வட்டமாக்க 4.1260-ஐத் தாண்ட வேண்டும், அப்போது என் பிஸ்டனுக்கு இடைவெளி கூடிவிடும். வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. நைட்ரஸ் (கூடுதல் சக்திக்காக இன்ஜினுக்குள் விடும் வாயு) அடிக்கிறவர்கள் பிஸ்டன் இடைவெளியைக் கூடுதலாகத்தான் வைப்பார்கள், அவர்களுக்கு இது ஓடியிருக்கும். என் இன்ஜினில் நைட்ரஸ் கிடையாது. அடுத்த பெரிய அளவு பிஸ்டன் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

லைன் ஹோனிங்கும் நடக்கவில்லை. போல்ட்டை எடுத்துவிட்டு ஸ்டட் போட்டால் பிடிமானம் மாறும், கிராங்கைப் பிடிக்கும் மெயின் கேப் உட்காரும் விதமும் மாறும். இந்த வகை இன்ஜினில் மெயின் பேரிங் இடைவெளியே 0.0025 முதல் 0.003 இன்ச்தான். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. லிஃப்டர் போருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தொழிற்சாலையில் விழுந்த கருவிக் கோடுகள் அப்படியே இருந்தன. ஹோன் கல் உள்ளே போயிருந்தால் அந்தக் கோடுகளின் மேல் குறுக்குக் கீறலாவது தெரிந்திருக்கும். இதற்கும் பில்லில் தனி வரி உண்டு! டெக் மட்டும் சரியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ரத்தம் கொதித்தது கழுவலைப் பார்த்துத்தான். ஆயில் கேலரி (பிளாக்குக்குள் எண்ணெய் ஓடும் வழி) பிளக்குகளுக்குச் சீலன்ட் தடவி முறுக்கியே கொடுத்திருந்தார்கள். ஒன்றைக் கழற்றி, நீளப் பிரஷை விட்டு இழுத்தேன். சாம்பல் நிறச் சேறு வந்தது, அதில் சுருள் சுருளாக இரும்புத் துருவல். வெள்ளைத் தாளில் தட்டினால் ஹோன் கல்லின் பொடி மினுமினுத்தது. அதோடு இன்ஜினை ஸ்டார்ட் செய்திருந்தால் பேரிங் முதல் ஓட்டத்தைக்கூடப் பார்த்திருக்காது.

ஆகவே காசு கொடுக்கும் முன் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் மேல், நடு, கீழ் அளவு, இரண்டு திசையிலும், பிளேட் போட்ட நிலையில் எழுதித் தர வேண்டும். ஹோன் முடிந்த சூட்டில் எடுத்த அளவு செல்லாது, பிளாக் ஆறிய பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். முடிந்தால் உங்கள் கண் முன்னாலேயே ஒரு சிலிண்டருக்கு போர் கேஜ் வைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற கடையில் பிளாக்கை இறக்கவே வேண்டாம். கேலரி பிளக்கை அவர்கள் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசிக் கழுவலை வெந்நீர், சோப்பு, பிரஷ் வைத்து நீங்களே செய்துகொள்வது உத்தமம். வெள்ளைத் துணியால் துடைத்தால் அழுக்கு வராத நிலை வரும்வரை தேய்க்க வேண்டும், காய்ந்ததும் உடனே எண்ணெய் பூச வேண்டும். ஈரத்தில் விட்டால் கண் எதிரிலேயே துரு பூக்கும்.

இரண்டாவது ஷாப்பின் அளவுத்தாளைக் காட்டிய பிறகு பழைய கடைக்காரர் ஹோனிங் கூலியை மட்டும் திருப்பித் தந்தார். லிஃப்டர் போர், லைன் ஹோனிங் கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை. பிஸ்டனுக்கு, "நீங்கதானே தம்பி அந்த சைஸ் வாங்குனீங்க" என்கிறார்.