6 வருட லென்ஸ் அனுபவம்: கோத்தகிரித் தண்ணீர் குடிக்க மட்டும்தான்

மழைக்காலத்தில் கோத்தகிரி - குன்னூர் சாலையில் பைக் ஓட்டும் கண்ணாடிக்காரர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஹெல்மெட்டுக்குள் மூச்சுக்காற்று பட்டு உள்பக்கம் ஆவி படியும், வெளிப்பக்கம் தூறல் வழியும். கட்டபெட்டுக்குப் பக்கத்து வளைவில் எதிரே லாரி வருகிறதா வெறும் மூடுபனியா என்று புரியாமல் ஓரங்கட்டி நின்ற ஒரு சாயங்காலம்தான் என்னைக் கான்டாக்ட் லென்ஸ் பக்கம் தள்ளியது. மாதம் ஒரு ஜோடி மாற்றுகிற சாஃப்ட் லென்ஸ். கண்ணாடியில் மைனஸ் 5, லென்ஸில் மைனஸ் 4.75. கண்ணாடி கண்ணை விட்டுச் சற்றுத் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது, அதனால் இந்த வித்தியாசம். கண்ணாடிச் சீட்டைக் காட்டி லென்ஸ் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கருவிழியின் வளைவையும் அளந்துதான் தர வேண்டும்.

பார்வையில் ஒரு குறையும் இல்லை. மூக்கில் தழும்பு போச்சு, ஓரத்தில் வருகிற மாடுகூடத் தெளிவாகத் தெரிகிறது. வேலை செய்வது தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில். தூள் சலிக்கிற பக்கம் போகும் நாட்களில் மட்டும் லென்ஸ் போடுவதில்லை. அந்தத் தூசி ஒன்று உள்ளே போனால் போதும், அன்றைய கணக்கு வழக்கு எல்லாம் கண்ணீரில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கொட்டித் தீர்க்கும். மூன்றாவது வருட நவம்பரில் மண்சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டது. லென்ஸைக் கழுவி ஊற வைக்கிற சொல்யூஷன் பாட்டில் காலி. ஊரில் கேட்ட இரண்டு கடையிலும் இல்லை. "ஊத்துத் தண்ணிதானேடா, குடிக்கிறோம், கண்ணுக்கு மட்டும் ஆகாதா?" என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பெரிய புத்திசாலி போல அதைக் கொதிக்க வைத்து ஆற்றி, லென்ஸ் டப்பாவில் ஊற்றி, இரண்டு ராத்திரி லென்ஸை அதில் ஊற வைத்தேன். பழைய கண்ணாடி பீரோவில் சும்மா கிடந்தது.

மூன்றாம் நாள் காலை வலது கண் செக்கச்செவேல். மண் விழுந்தது போல உறுத்தல், ட்யூப்லைட்டைப் பார்க்க முடியவில்லை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றியது அடுத்த தப்பு. அது ஸ்டீராய்டு கலந்தது. கிருமிப் புண்ணில் அதை விட்டால் சிவப்பு குறைந்த மாதிரி தோன்றும், உள்ளே புண் வளரும். வழி திறந்ததும் கோயம்புத்தூர் போனேன். கருவிழியில் புண். மருத்துவர் முதலில் கேட்டது, "லென்ஸையும் டப்பாவையும் கொண்டு வந்தீங்களா?" புண்ணிலிருந்து துளி சுரண்டி எடுத்து, டப்பாவையும் சேர்த்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து, ராத்திரியும் அலாரம் வைத்து. முழுதாக ஆற மூன்று வாரம். ஓரத்தில் மெல்லிய தழும்பு இன்னும் இருக்கிறது. நடுவில் விழுந்திருந்தால் பார்வையையே கெடுத்திருக்கும்.

கொதித்த தண்ணீரில் கிருமி எப்படி என்று நானும் கேட்டேன். தண்ணீர் ஆறிய பிறகு போய் உட்கார்ந்தது எங்கே? ஒரு வருடமாக மாற்றாத டப்பாவில். விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்கும் அந்தப் படலம்தான் கிருமிகளின் குடியிருப்பு. சொல்யூஷனில் அவற்றைக் கொல்ல மருந்து உண்டு. தண்ணீரில் ஒன்றும் இல்லை, ராத்திரி முழுக்கப் பெருகலாம். போதாததற்குத் தண்ணீரில் கண்ணீருக்குள்ள உப்பும் கிடையாது. லென்ஸ் அதை உறிஞ்சி உப்பி, கருவிழியோடு இறுகி ஒட்டிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரிலும் ஊற்றிலும் மண்ணிலும் அகாந்தமீபா என்று ஒரு அமீபாவும் வாழ்கிறது. அது கூடுகட்டிக் கொண்டால் குளோரினுக்கும் அசையாது, கண்ணில் புகுந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். எனக்கு வந்தது அது இல்லை என்பதில் மருத்துவருக்கே நிம்மதி.

அதிலிருந்து லென்ஸுடன் குளிப்பதில்லை, மழையில் முகம் நனைந்தாலும் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுகிறேன். காலையில் டப்பாவின் பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டு, புதியதை ஊற்றித் தேய்த்து அலசி, டிஷ்யூ மேல் கவிழ்த்து வைக்கிறேன், குளியலறையில் அல்ல. துணியே நாலு நாள் காயாத ஊரில் அங்கே டப்பா எங்கே காயும்? மூன்று மாதத்துக்கு ஒரு புது டப்பா. பழைய சொல்யூஷனோடு புதியதைச் சேர்த்து நிரப்பும் சிக்கனத்தையும் விட்டாச்சு, அப்படிச் சேர்த்தால் மருந்தின் வீரியம் குறைகிறது. 'தேய்க்கத் தேவையில்லை' என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்துவிட்டுத்தான் ஊற வைப்பேன்.

நம் ஊருக்கென்றே இரண்டு தொல்லை உண்டு. சளிக்கு நீலகிரித் தைலம் தேய்த்த கை சோப்புப் போட்டாலும் ஒரு தடவையில் போகாது. அந்த விரலோடு லென்ஸைத் தொட்டால் லென்ஸைத் தூக்கிப் போட வேண்டியதுதான், நான் போட்டிருக்கிறேன். அடுத்தது ஸ்வெட்டர். கை கழுவித் துடைத்தபின் சட்டைக் கையை இழுத்துவிட்டால் கம்பளி இழை விரலில் ஒட்டிக்கொள்ளும். முதலில் லென்ஸ், அப்புறம்தான் ஸ்வெட்டர். ஜனவரிக் குளிரில் சொல்யூஷன் ஐஸ் மாதிரி இருக்கும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பிடித்தால் போதும், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

செலவு கூடத்தான். மழை மாதங்களில் தினமும் போட்டுத் தூக்கி எறிகிற லென்ஸ் வாங்குகிறேன். டப்பா இல்லை, சொல்யூஷன் இல்லை, மண்சரிந்தாலும் கவலை இல்லை. மற்ற மாதங்களுக்கு மாதாந்திர லென்ஸ்தான், அட்டையில் திறந்த தேதியை எழுதி வைக்கிறேன். எத்தனை நாள் போட்டோம் என்பது கணக்கில்லை, திறந்த நாளிலிருந்துதான் ஒரு மாதம்.

எல்லாம் ஒழுங்காகச் செய்கிறேன் என்று சொல்லமாட்டேன். போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் லென்ஸோடு தூங்கிவிட்டேன். குஞ்சப்பனை தாண்டி விழித்தபோது இரண்டு கண்ணும் காய்ந்து ஒட்டியிருந்தன. சொட்டு விட்டு இமைத்து இமைத்துத்தான் லென்ஸ் அசைந்தது. மறுநாள் முழுக்கக் கண்ணாடிதான். அம்மா பார்த்துவிட்டு, "மறுபடி தண்ணியா?" என்று கேட்டார்.