பைண்டிங்குக்கு நாலு நட்சத்திரம், ‘சதவீதக் குறைப்பு’க்கு ஒன்றுகூடக் கிடையாது

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை. என் தீசிஸுக்கு (ஆய்வேட்டுக்கு) அங்கே போட்ட பைண்டிங் அருமை. கருநீல ரெக்சின், முதுகில் தங்க எழுத்து, ஆறு பிரதியில் ஒரு பக்கம்கூடத் தலைகீழாக இல்லை. சாயங்காலம் கொடுத்தால் மறுநாள் பதினொரு மணிக்குத் தயார்.

வம்பு, கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளில்: “பிளேஜியரிசம் 10-க்குள் குறைத்துத் தரப்படும்.” பிளேஜியரிசம் என்றால் பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டுவது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. கடைக்கார அண்ணன் என் கோப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளில் ஏற்றிப் பார்த்துவிட்டு, “23 வருதும்மா. மூவாயிரம் குடுங்க, எட்டாக்கிடலாம்” என்றார். பயத்தில் கொடுத்துவிட்டேன்.

எட்டுதான் வந்தது. வீட்டில் மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்தால், ‘ஹெவி மெட்டல்’ எல்லாம் ‘ஹெஃப்டி மெட்டல்’. ‘கிரவுண்ட்வாட்டர்’ ‘ஃப்ளோர் வாட்டர்’ ஆகியிருந்தது. நான்கு வருடம் கிணறு கிணறாக அலைந்தவள், வீட்டுத் தரையில் கொட்டிய தண்ணீரைப் பிடித்துச் சோதித்தது போல ஆகிவிட்டது. இப்படி வார்த்தை மாற்றிய கட்டுரைகளை 2021-லேயே கியோம் கபனாக் என்ற பிரெஞ்சு கணினி அறிவியலாளரின் குழுவினர் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். ‘பிரெஸ்ட் கேன்சர்’ அங்கே ‘பூஸம் பெரில்’ (மார்பு அபாயம்).

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் பழைய கோப்பையே நூலகத்தில் சோதிக்கக் கொடுத்தேன். 98! கடைக்காரர் யாருடைய கணக்கிலோ ஏற்றியதில் அது மென்பொருளின் சேமிப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. என் தீசிஸ் என் தீசிஸோடேயே பொருந்திவிட்டது. நூலகர் அம்மா சிரித்துக்கொண்டே அந்த ஒரு மூலத்தை விலக்கினார், 23. துணைநூற்பட்டியலை விலக்கினார், 11. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறதாம். எனக்குத் தெரிந்திருந்தால் மூவாயிரம் மிச்சம்.

மீதியில் இரண்டு பத்தி என் தப்புதான். குறிப்பேட்டில் எழுதி வைத்த வேறொருவர் வாக்கியங்கள், மேற்கோள் குறி இல்லாமல் அப்படியே வந்திருந்தன. அங்கேயே உட்கார்ந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் சொல்லில் எழுதி, மூலத்தையும் குறிப்பிட்டேன். 7.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “சொன்ன எட்டு வந்துச்சுல்லம்மா?” என்றார் அண்ணன். பைண்டிங்குக்கு மட்டும் மறுபடி அவரிடமே போனேன். பக்கத்துக் கடையில் தங்க எழுத்து ஒரே மாதத்தில் உரிந்துவிடுகிறது.